புது வண்டிக்கு முதல் ஆயிலை எப்போது மாற்ற வேண்டும்?

கேள்வி இதுதான். புது பைக் எடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, 620 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கூட வந்த கையேட்டில் முதல் சர்வீஸ் 750 முதல் 1000 கிலோமீட்டருக்குள், அல்லது 60 நாட்களுக்குள் என்று போட்டிருக்கிறது. நண்பர் ஒருவரோ, 300 கிலோமீட்டரிலேயே ஆயிலை இறக்கியிருக்க வேண்டும் என்று பயமுறுத்துகிறார். அதே வீட்டில் புதிதாக வாங்கிய பெட்ரோல் காருக்கு முதல் சர்வீஸில் ஆயில் மாற்றவே இல்லை, 10,000 கிலோமீட்டர் ஆனதும் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். இதற்கிடையில் பைக்கின் ஆயில் கறுக்கத் தொடங்கிவிட்டது. யார் சொல்வதை நம்புவது?

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். பைக்கைக் கையேடு சொன்ன கணக்குக்குள் கொண்டுபோய் ஆயில் மாற்றுங்கள், தள்ளிப்போட வேண்டாம். காரின் கையேட்டிலும் 10,000 என்றே இருந்தால் அதுவும் சரிதான். இந்த இரண்டு எண்ணுக்கும் இவ்வளவு வித்தியாசம் ஏன் என்று புரிந்துகொண்டால் நண்பர் சொல்வதையும் சர்வீஸில் சொல்வதையும் நீங்களே எடைபோட்டுக்கொள்ளலாம். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

புது இன்ஜினின் சிலிண்டர் சுவர் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இருந்தால் அது கெட்ட இன்ஜின். தொழிற்சாலையில் ஹோனிங் என்று ஒரு வேலை செய்வார்கள். சுவர் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாக மிக மெல்லிய கீறல்களைப் போட்டுவிடுவார்கள். அந்தக் கீறல்களின் பள்ளத்தில் ஆயில் தங்கும், மேடுகள்மேல் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையமான பிஸ்டன் ரிங் உரசும். முதல் சில நூறு கிலோமீட்டரில் அந்த மேடுகளின் நுனி தேய்ந்து, ரிங்கும் சுவரும் ஒன்றுக்கொன்று பழகி உட்காரும். ரன்னிங் இன் என்று சொல்வது இதைத்தான். இந்தத் தேய்மானம் வேண்டுமென்றே நடக்க விடுகிற தேய்மானம். நடந்தால்தான் ரிங் சரியாக அடைத்து, அழுத்தம் கீழே கசியாமல் இருக்கும், ஆயிலும் மேலே ஏறி எரியாமல் இருக்கும்.

தேய்ந்த உலோகம் எங்கே போகும்? ஆயிலுக்குள்தான். இரும்பு, அலுமினியம், பேரிங்கிலிருந்து கொஞ்சம் செம்பு எல்லாம் பொடிப்பொடியாக அதில் கலக்கும். அதோடு, இன்ஜினைப் பூட்டும்போது பாகங்களில் தடவிய கிரீஸ் போன்ற பசை, மூடிகளை ஒட்டப் பயன்படுத்திய சிலிக்கோன் சீலன்ட்டின் துணுக்கு, எவ்வளவு கழுவினாலும் வார்ப்பிலும் கடைசலிலும் ஒட்டிக்கொண்டு மிச்சமிருந்த தூசி, இவையும் வரும். புது இன்ஜினின் முதல் ஆயிலை ஆய்வகத்தில் சோதித்தால் இரும்பும் சிலிக்கானும் பிறகு வரும் ஆயில்களைவிடக் கூடுதலாகத் தெரியும். அது சகஜம். வண்டி ஓட ஓட இந்த அளவு வேகமாகக் குறைந்துவிடும்.

ஆக, முதல் ஆயில் மாற்றுவதற்கான காரணம் ஆயில் கெட்டுப்போனது அல்ல. 700 கிலோமீட்டரில் நல்ல ஆயில் எதுவும் கெடாது. அதில் விழுந்திருக்கும் பொடியை வெளியே எடுக்கத்தான் மாற்றுகிறோம். இரண்டாவது முறையிலிருந்துதான் ஆயிலின் ஆயுள் என்கிற கணக்கு வருகிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் ஒருவர் 300 என்கிறார், இன்னொருவர் 5000 வரை கவலையில்லை என்கிறார்.

பொடியைப் பிடிக்க ஃபில்டர் இருக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சாதாரணப் பேப்பர் ஃபில்டர் ஏறக்குறைய 20 முதல் 40 மைக்ரான் அளவுள்ள துகளை நன்றாகப் பிடிக்கும். மனிதத் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான், அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் ஓடும்போது பேரிங்குக்கும் அதில் சுழலும் கிராங்க் தண்டுக்கும் நடுவே நிற்கும் ஆயில் படலம் சில மைக்ரான் தடிமன்தான். ஃபில்டரிலிருந்து தப்பித்த சின்னத் துகள், அந்தப் படலத்தைவிடப் பெரியதாக இருக்கலாம். அது மறுபடி மறுபடி உள்ளே சுற்றி வருவது நல்லதல்ல.

இப்போது பைக்குக்கும் காருக்கும் உள்ள வித்தியாசத்துக்கு வருவோம். பெரும்பாலான நாலு ஸ்ட்ரோக் பைக்குகளில் இன்ஜின், கியர்பாக்ஸ், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில். புது கியர்ப் பற்கள் ஒன்றோடொன்று பழகும்போது உதிர்கிற இரும்பும், கிளட்ச் பிளேட்டிலிருந்து வரும் துகளும் அதே ஆயிலில்தான் விழும். ஆயிலின் அளவோ சின்ன பைக்கில் 1 லிட்டர் சுற்றளவுதான். இன்ஜின் சுழலும் வேகமும் காரைவிட அதிகம். கார் 2000, 2500 சுற்றில் நிதானமாகப் போகும் இடத்தில் சின்ன பைக் 5000, 6000 சுற்றில் ஓடிக்கொண்டிருக்கும். இதற்கு மேல், சிறிய பைக்குகள் பலவற்றில் பேப்பர் ஃபில்டரே கிடையாது. கம்பி வலை போன்ற ஒரு ஸ்ட்ரெய்னரும், சுழற்சியில் கனமான துகளை ஓரமாக ஒதுக்கும் ஒரு கிண்ணமும்தான் இருக்கும். அவை பெரிய துணுக்கைத் தடுக்கும், நுண்ணிய பொடியைத் தடுக்காது. அதனால்தான் பைக்குகளுக்கு 500 முதல் 1000 கிலோமீட்டருக்குள் முதல் ஆயிலை இறக்கச் சொல்கிறார்கள்.

காரில் 3 லிட்டருக்கு மேல் ஆயில் இருக்கும். கியர்பாக்ஸுக்குத் தனி ஆயில். முழு ஓட்டமும் பேப்பர் ஃபில்டர் வழியாகப் போகும். உதிர்கிற பொடியும் குறைவு, அது கலக்கிற ஆயிலும் அதிகம். அதோடு சிலிண்டரைக் கடைந்து மெருகேற்றும் நுட்பம் முன்பைவிட மிகவும் முன்னேறியிருக்கிறது. முன்பெல்லாம் காருக்கும் முதல் 1000 கிலோமீட்டரில் ஆயில் மாற்றுவது பொது வழக்கம். இப்போது பல கார்களுக்கு முதல் வருகை வெறும் பரிசோதனைதான்.

எல்லாக் காருக்கும் இது பொருந்தாது. பிஎம்டபிள்யூவின் எம் வகைக் கார்களுக்கு 2000 கிலோமீட்டரில் ரன்னிங் இன் சர்வீஸ் என்று தனியாகவே உண்டு, அதில் இன்ஜின் ஆயிலை மாற்றுவார்கள். அதிக சுற்றில் அதிக சுமை தாங்கும் இன்ஜின் என்பதால் அங்கே பழைய வழக்கம் இன்னும் தொடர்கிறது. இன்னொரு பக்கம், சில தயாரிப்பாளர்கள் தொழிற்சாலையில் ஊற்றும் முதல் ஆயிலில் தேய்மானத்தைக் கட்டுப்படுத்தும் சேர்மானத்தைக் கூடுதலாகக் கலந்து, அதைச் சீக்கிரம் இறக்காதீர்கள் என்றே கையேட்டில் எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதியிருந்தால் அதை மதிக்க வேண்டும். எழுதவில்லை என்றால்? என் கருத்து இது: 10,000 வரை காத்திருக்க மனம் ஒப்பாதவர்கள் 5000-இல் ஒரு தடவை ஆயிலும் ஃபில்டரும் மாற்றிக்கொள்ளலாம். கொஞ்சம் செலவுதான், இன்ஜினுக்கு எந்தக் கெடுதலும் இல்லை. சின்ன டர்போ பெட்ரோல் இன்ஜினாக இருந்து, தினமும் மூன்று நான்கு கிலோமீட்டர் மட்டுமே ஓடுகிறது என்றால் நான் கண்டிப்பாக அப்படித்தான் செய்வேன்.

சரி, நண்பர் சொன்ன 300 கிலோமீட்டர்? அப்போதே மாற்றினால் இன்ஜினுக்குத் தீங்கு எதுவும் வராது. ஆனால் ரன்னிங் இன் அங்கே முடிந்துவிடுவதில்லை, அதற்குப் பிறகும் பொடி உதிரும். ஆகவே 300-இல் மாற்றினேன் என்பதற்காக 1000-க்குள் மாற்ற வேண்டியதைத் தவிர்க்க முடியாது. இரண்டு முறையும் மாற்றத் தயார் என்றால் செய்யுங்கள், ஒரு முறைதான் என்றால் கையேட்டின் கணக்குக்குள் அந்த ஒரு முறையைச் செய்யுங்கள். வாரன்டிக்கும் அந்தப் பதிவுதான் கணக்கு. வெளியே 300-இல் மாற்றிவிட்டு முதல் சர்வீஸைத் தவறவிட்டவர்கள், பிறகு ஒரு பிரச்சினை என்று போகும்போது காட்ட ஒன்றுமில்லாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பில்லையும் சர்வீஸ் புத்தகத்தில் போட்ட முத்திரையையும் பத்திரமாக வையுங்கள்.

எதிர்ப்பக்கத் தவறை நானே செய்திருக்கிறேன். என் முதல் பைக்கின் முதல் சர்வீஸை, ஆயில் பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்று 2300 கிலோமீட்டர் வரை இழுத்துவிட்டேன். இறக்கிய ஆயிலைத் தட்டில் பிடித்து வெயிலில் சாய்த்தபோது அது முழுக்க வெள்ளிப் பொடி கலந்த மாதிரி மினுமினுத்தது. வண்டி நிற்கவில்லை, எதுவும் உடைந்து போகவில்லை. ஆனால் புது ஆயில் ஊற்றி ஓட்டியபோது கியர் விழுந்த லாகவத்தைப் பார்த்ததும், இத்தனை நாள் அந்தப் பொடியை உள்ளே வைத்து அரைத்திருக்கிறோமே என்று மனது கஷ்டப்பட்டது. அதிலிருந்து எங்கள் வீட்டுப் புது வண்டி எதற்கும் நான் தேதியைத் தவற விட்டதில்லை.

நிறத்தைப் பற்றி எல்லோரும் கேட்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். ஆயில் கறுத்தால் கெட்டுவிட்டது என்று அர்த்தம் இல்லை. ஆயிலில் டிடர்ஜென்ட், டிஸ்பர்சன்ட் என்று இரண்டு வகைச் சேர்மானங்கள் உண்டு. ஒன்று அழுக்கைச் சுரண்டி எடுக்கும், மற்றொன்று அந்த அழுக்கு ஓரிடத்தில் படிந்துவிடாமல் ஆயிலிலேயே மிதக்க வைக்கும். ஆகவே கறுக்கிறது என்றால் அது தன் வேலையைச் செய்கிறது என்றும் சொல்லலாம். டீசல் வண்டியில் புது ஆயில் ஊற்றிக் கொஞ்ச தூரம் ஓட்டினாலே கரி கலந்து கறுத்துவிடும், அதற்காக மறுநாளே மாற்றுவதில்லை. மறுபுறம், தேன் நிறத்தில் இருப்பதால் நன்றாக இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. பயப்பட வேண்டிய அடையாளங்கள் வேறு. காபி மாதிரி பால் கலந்த நிறமானால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப் ஸ்டிக்கில் அளவு கூடிக்கொண்டே போய் பெட்ரோல் வாசம் அடித்தால் எரிபொருள் கலக்கிறது. முதல் ஆயிலில் மெல்லிய மினுமினுப்பும், ஆயிலை இறக்கக் கழற்றும், காந்தம் வைத்த டிரெயின் போல்ட்டில் சாம்பல் நிறப் பசையும் இருப்பது இயல்பு. ஆனால் விரலில் நெருடும் அளவுக்குச் சில்லு வந்தால் உடனே சர்வீஸில் காட்டி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கிலோமீட்டர் ஒரு கணக்கு, நாள் இன்னொரு கணக்கு. எது முந்துகிறதோ அதுதான் சட்டம். இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். வண்டி வாங்கி இரண்டு மாதத்தில் 350 கிலோமீட்டர்தான் ஓடியது, 750 ஆகட்டும் என்று காத்திருப்பார்கள். குறைவாக ஓடும் வண்டியின் ஆயில்தான் உண்மையில் சிரமப்படுகிறது. இன்ஜின் எரியும்போது நீராவியும் அமிலத் தன்மையுள்ள வாயுக்களும் கொஞ்சம் ரிங்கைத் தாண்டிக் கீழே வரும். ரிங் இன்னும் சரியாக உட்காராத புது இன்ஜினில் இது கூடுதல். நீண்ட தூரம் ஓடினால் ஆயில் நன்றாகச் சூடாகி அந்த ஈரமும் கலந்த பெட்ரோலும் ஆவியாகிப் போய்விடும். ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்தி, மறுபடி ஐந்து நிமிடம் ஓட்டினால் ஆயில் சூடாகவே நேரம் இல்லை. ஈரம் உள்ளேயே தங்கி, ஆயிலில் அமிலத்தை முறிக்க வைத்திருக்கும் சேர்மானத்தைத் தின்றுவிடும். எனவே நாள் முந்தினால் 350 கிலோமீட்டரானாலும் கொண்டுபோய் மாற்றுங்கள். பின்னாளிலும் இப்படித்தான். காருக்கு 10,000 அல்லது ஒரு வருடம் என்று இருந்தால், வருடத்துக்கு 3000 மட்டுமே ஓடும் காருக்கும் வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்.

அதே கையேட்டில் கடினமான பயன்பாடு என்று ஒரு பகுதி இருக்கும், பலர் புரட்டுவதே இல்லை. புழுதிச் சாலை, நின்று நின்று நகரும் நெரிசல், நின்ற இடத்திலேயே இன்ஜினை மணிக்கணக்கில் ஓடவிடுவது, பாரம் இழுப்பது, எப்போதும் குறுந்தூரம் என்று ஒரு பட்டியல் போட்டு, அப்படி ஓடும் வண்டிக்கு இடைவெளியைக் குறைத்துக் கொடுத்திருப்பார்கள். அந்தப் பட்டியலைப் படித்துப் பார்த்தால், நாம் சாதாரணம் என்று நினைத்த ஓட்டம் அதில் இருப்பது தெரியும்.

எந்த ஆயில் என்பதும் எப்போது என்பதோடு சேர்ந்த விஷயம்தான். 10டபிள்யூ-30 என்பதில் டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கும். அதற்கு முன்னால் உள்ள எண் குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதற்கு, பின்னால் உள்ளது 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் அதன் கனம் எவ்வளவு என்பதற்கு. கையேட்டில் போட்டிருக்கும் கிரேடையே ஊற்றுங்கள். கனமான ஆயில் பாதுகாப்பு என்று நினைத்துப் புது இன்ஜினில் 20டபிள்யூ-50 ஊற்றுவது வேண்டாத வேலை. இன்றைய இன்ஜின்களில் பாகங்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகள் குறுகலானவை, காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் மேலே போய்ச் சேரத் தாமதமாகும்.

பைக்குக்கு இன்னொரு எச்சரிக்கை. கார் ஆயில் டப்பாவில் ரிசோர்ஸ் கன்சர்விங் என்று போட்டிருந்தால் அதை ஈரக் கிளட்ச், அதாவது இன்ஜின் ஆயிலில் நனைந்தபடியே இயங்கும் கிளட்ச், உள்ள பைக்கில் ஊற்றக் கூடாது. உராய்வைக் குறைக்கும் சேர்மானம் கிளட்ச் பிளேட்டையும் வழுக்கச் செய்துவிடும். பைக் ஆயிலில் ஜாசோ என்ற ஜப்பானியத் தரக் குறியீட்டில் எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்க வேண்டும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் கிளட்ச் ஆயிலில் நனைவதில்லை, அதனால் அதற்கு எம்பி வகை. ஸ்கூட்டருக்கு இன்ஜின் ஆயில் தவிர பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் கியர் ஆயிலும் உண்டு. அதை எப்போது மாற்றுவது என்று கையேட்டில் தனியாகப் பாருங்கள். யாரும் நினைவுபடுத்த மாட்டார்கள்.

சின்தடிக் ஆயிலைப் புது இன்ஜினில் ஊற்றினால் ரிங் உட்காராது என்று ஒரு நம்பிக்கை வெகு காலமாக இருக்கிறது. தொழிற்சாலையிலிருந்தே சின்தடிக் ஆயிலோடு வரும் கார்கள் ஏராளம், அவற்றின் ரிங் நன்றாகத்தான் உட்காருகிறது. இருந்தாலும் உங்கள் பைக்குக்கு மினரல் ஆயிலைத்தான் சொல்லியிருக்கிறார்கள் என்றால் முதல் ஆயில் மாற்றத்தில் அதையே ஊற்றுங்கள். இரண்டாவதிலோ மூன்றாவதிலோ, அதே கிரேடில் சின்தடிக்குக்கு மாறிக்கொள்ளலாம். மாறினாலும் கையேட்டின் இடைவெளியை உங்கள் இஷ்டத்துக்கு நீட்ட வேண்டாம், வாரன்டி காலத்தில் நிச்சயமாக வேண்டாம்.

ஆயிலை இறக்கும்போது பக்கத்தில் நிற்க அனுமதித்தால் நின்று பாருங்கள். இன்ஜின் இளஞ்சூட்டில் இருக்க வேண்டும், அப்போதுதான் பொடி அடியில் தங்காமல் ஆயிலோடு இறங்கும். ஃபில்டர் இருக்கும் வண்டியில் அதையும் மாற்ற வேண்டும், ஸ்ட்ரெய்னராக இருந்தால் கழற்றிக் கழுவ வேண்டும். பழைய ஃபில்டரை விட்டுவிட்டு ஆயிலை மட்டும் மாற்றினால் எதற்காக மாற்றினோமோ அந்தப் பொடியில் ஒரு பங்கு உள்ளேயே இருக்கும். டிரெயின் போல்ட்டின் வாஷர் புதிதாகப் போடப்பட வேண்டும். கையேட்டில் ஆயிலின் அளவு பெரும்பாலும் இரண்டு விதமாக இருக்கும்: இறக்கி ஊற்றும்போது இவ்வளவு, இன்ஜினைப் பிரித்துப் பூட்டும்போது இவ்வளவு என்று. இரண்டாவது எண் பெரியது. அதைப் பார்த்து ஊற்றினால் அளவு மிஞ்சி, கிராங்க் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும், சீலிலும் கசியும். குறைந்தால் எவ்வளவு கெடுதலோ மிஞ்சினாலும் கெடுதல்தான்.

இறக்கிய ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாதீர்கள். வீட்டில் நீங்களே மாற்றுபவராக இருந்தால் கையுறை போட்டுக்கொண்டு, பழைய ஆயிலைப் பழைய டப்பாவிலேயே ஊற்றி மூடி, கழிவு ஆயில் வாங்கிக்கொள்ளும் இடத்தில் சேர்த்துவிடுங்கள்.

உங்கள் பைக்குக்கு 750 ஆக இன்னும் 130 கிலோமீட்டர் இருக்கிறது. இன்றே சர்வீஸுக்கு நாள் குறித்துவிடுங்கள். அதுவரை முழு ஆக்ஸிலேட்டர் கொடுக்காமல், ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டாமல், வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். மேல் கியரில் இன்ஜின் திணற ஓட்டுவதும் கூடாது. ஆயில் மாற்றி நூறு கிலோமீட்டர் ஓடியபின், சமதரையில் நிமிர்த்தி நிறுத்தி, இன்ஜினை அணைத்து ஐந்து நிமிடம் கழித்து அளவு பாருங்கள். டிப் ஸ்டிக்கை மரையில் திருகிப் பார்க்க வேண்டுமா, சும்மா செருகிப் பார்க்க வேண்டுமா என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் இருக்கும். டிரெயின் போல்ட்டைச் சுற்றி ஈரம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். காருக்கு 10,000 வரை ஆயிலைத் தொட வேண்டாம் என்று சொன்னார்களே தவிர, பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ரிங் உட்காரும் வரை புது இன்ஜின் கொஞ்சம் ஆயில் குடிக்கலாம். மாதம் ஒரு முறை டிப் ஸ்டிக்கை எடுத்துத் துடைத்துப் பார்த்து, கீழ்க் கோட்டை நெருங்கினால் அதே கிரேடு ஆயிலைச் சிறிது சிறிதாக ஊற்றி மேல் கோட்டுக்குக் கீழே நிறுத்துங்கள்.